தேயிலைப் பெட்டிக்குள் வந்த வைரஸ்

இன்று காலை உன் பேரன் தன் முழங்காலைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். சைக்கிளிலிருந்து விழுந்து சிராய்த்த இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு. கீழே ஒரு வரி: "டிரஸர் தாத்தா, ரத்தம் தானாவே நின்னுடுச்சு." தோட்ட மருத்துவமனையில் டிரஸராக எத்தனையோ புண்களுக்குக் கட்டுப் போட்டவன் நான். ஒரு பொருக்கை அழகு என்று நினைத்தது இதுவே முதல் முறை.

உடனே உன்னிடம் சொல்லத் தோன்றியது. 1999 புரட்டாசியில் நீ போய்விட்டாய் என்பது அதற்கு ஒரு தடையாகவே படவில்லை.

உனக்கு ரத்தம் உறையாத நோய். ஆகவே தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும் கத்தி உன் கைக்கு வந்ததில்லை. தொழிற்சாலையில் பெட்டிகளின்மேல் எழுத்துத் தகடு வைத்து மை பூசும் வேலை தந்தார்கள். பொங்கல் நாடகத்திலும் அதே கதைதான். எங்கள் தோட்டத்து நாடகம் கத்திச் சண்டை இல்லாமல் முடியாது. மரக்கத்திதான் என்றாலும், ஆண்டுதோறும் உனக்குத் தடை விதித்தவன் நான். நீ திரைக்குப் பின்னால் நின்று மற்றவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பாய்.

"எல்லார் வசனமும் எனக்குத் தெரியும்ணே. மேடையில நிக்கத்தான் ஒரு எடம் இல்ல," என்று ஒருமுறை சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

1985 தீபாவளிக்கு முந்திய வாரம். (1984 என்று உன் மனைவி சொல்வது தவறு, அந்த ஆண்டு ஐப்பசி முழுதும் நான் ஈப்போ நகர மருத்துவமனையில் பயிற்சியில் இருந்தேன்.) பிரிஞ்சாங் பட்டணத்தில் வாங்கிய ஓர் ஆங்கில சஞ்சிகையோடு உன்னைத் தேடி வந்தேன். வைரஸ் உயிரணுவுக்குள் நுழைந்து தன் சரக்கை இறக்கும் இயல்புடையது. அதிலுள்ள நோய் தரும் பகுதியை நீக்கிவிட்டு, பழுதான மரபணுவுக்கு ஈடாக நல்லதொன்றை வைத்து அனுப்ப முயல்கிறார்கள் என்று விளக்கினேன்.

"பெட்டி அதே பெட்டி, உள்ள சரக்கு மட்டும் வேற. அப்படித்தானேண்ணே?"

"ஏறக்குறைய."

"உள்ள போறப்ப சண்டை போடுமா?"

"போடாது. உயிரணுவே கதவைத் தெறந்து விட்ரும்."

நீ மைத் தூரிகையைக் கீழே வைத்தாய். "அப்ப இந்த வருஷம் எனக்கு வேஷம் கெடச்சிருச்சுலா!"

நீயே நாடகம் எழுதினாய். ஒரு கோட்டையில் ஆறு உடைப்பெடுத்து ஓடுகிறது. மதகை மூடும் முறை எழுதிய ஓலை தொலைந்துவிட்டது. அந்த ஓலையைக் கொண்டுவருபவன் வைரஸ். பழைய தேயிலைப் பெட்டி ஒன்றின் அடியைத் தட்டி எடுத்து, ஈயத்தாளை வெளிப்புறம் ஒட்டி, கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொண்டாய். ஒரு வைரஸ் போதாது, கோடிக்கணக்கில் அனுப்ப வேண்டும், அதை வசனத்தில் சேர்த்தாக வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன்.

"ஊரே பெட்டிய மாட்டிக்கிட்டு மேடையில நின்னா, கீழ ஒக்காந்து பாக்கறது யாருண்ணே?"

1986 பொங்கலுக்கு மறுநாள் மாலை, ஒரு கையில் பஞ்சுச் சுருள், மறு கையில் கட்டுத்துணியோடு மேடையோரம் நின்றேன். கோட்டைக் காவலன் வேடத்தில் பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன், முரட்டு ஆள்.

"யாரது?"

"நான்தான் வைரஸ்!"

"டேய், வைரஸாம்டா! வெட்டு!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். காவலனுக்கு ஒத்திகை மறந்து போயிற்று. கத்தியை ஓங்கிவிட்டான். நீ ஓடவில்லை, பெட்டியை முன்னால் திருப்பிக்கொண்டு நின்றாய். அடி பெட்டியில் விழுந்து 'டம்' என்றது. முன்வரிசையில் உன் மூன்று வயது மகள் மட்டும் கைகொட்டிச் சிரித்தாள். நான் பஞ்சும் துணியுமாக மேடைக்கே பாய்ந்துவிட்டேன்.

"அட, டிரஸரும் நடிக்கிறாருலா!" என்றாள் ஓர் அம்மாள்.

கிழிந்த ஈயத்தாளைத் தடவிக்கொண்டே, ஒத்திகையில் இல்லாத ஒரு வரியை நீ சொன்னாய்: "கதவத் தெறங்கய்யா. சண்டைக்கு வரல. ஒங்களுக்கு வேணுங்கற சாமான் கொண்டாந்திருக்கேன்."

அந்த முரடன் வெட்கத்தோடு கத்தியை இடுப்பில் செருகி, சாக்குத்துணிக் கதவை விலக்கினான். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. திரை விழுந்ததும் நீ நேரே என்னிடம் வந்தாய்.

"என்னண்ணே, நீங்க மட்டும் கைதட்டல. புடிக்கலையா?"

"கையில பஞ்சு இருக்குதேப்பா."

"அதக் கீழ வச்சாத்தான் என்னவாம்?"

நான் வைக்கவில்லை. உன் விரல் நுனி வரை சோதித்த பிறகும் வைக்கவில்லை.

உன் நோய் மகள் வழியாக அவள் மகனுக்கும் வந்தது. அவன் படிக்கும் நாட்டில், சென்ற ஆண்டு, நல்ல மரபணு சுமந்த அந்தப் பெட்டிகளைச் சொட்டுச் சொட்டாக அவன் ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். கோடிக்கணக்கில்தான், என் திருத்தம் சரியே என்பதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். பலன் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று மருத்துவர்கள் உறுதி கூறவில்லை. ஆனால் இன்று ரத்தம் நின்றிருக்கிறது.

படத்தை இன்னொரு முறை பார்த்தேன். உனக்காகச் சட்டைப் பையில் பஞ்சு வைக்கத் தொடங்கியவன், ஓய்வு பெற்ற பின்னும் அதை விடவில்லை. அந்தச் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தேன். பிறகு, நான் மட்டும் இருந்த அந்த அறையில், இரண்டு கைகளாலும் உனக்குத் தட்டினேன். உள்ளங்கை சிவக்கும் வரை தட்டினேன்.

பிறகு பஞ்சை மறுபடியும் பையில் வைத்துக்கொண்டேன். உன் பேரன் இன்னும் சைக்கிள் ஓட்டுகிறானே.