மேலுக்கு முடியாத நோயாளி

என் கடிதங்களை எப்போதும் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடும் அன்பு அண்ணனுக்கு,

முதலில் ஒரு திருத்தம். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் காதுக்கும் எட்டியிருக்கலாம். சமீபத்தில் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்களில் இரண்டு பேர் நம் தெருக்காரர்கள். இதை என் வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். அவர் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை இடுப்பு வலி, வியாழக்கிழமை மஞ்சள் காமாலை, சனிக்கிழமை காது மந்தம் என்று வாரத்துக்கு மூன்று நோயோடு நான் நம் ஊர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தது உண்மை. கான்வென்டில் படித்தவள், "மேலுக்கு முடியல தாயி" என்று முனகியதும் உண்மை. ஆனால் எனக்கு ஒரு நோயும் இல்லை. எழுபத்தாறு வயதில் நான் ஒரு டாக்டரின் மேற்படிப்புக்கு உதவிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

உங்கள் நாற்காலியில் இப்போது இருப்பவள் டாக்டர் ஆர்த்தி. சென்னைப் பெண்; பள்ளியில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவள். வந்த புதிதில், இது என் அண்ணன் முப்பது வருஷம் உட்கார்ந்த நாற்காலி என்று அவளிடம் சொன்னேன். "தெரியுது ஆன்ட்டி, ஒரு கால் ஆடுது" என்றாள். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. 'ஆன்ட்டி'யை மட்டும் 'அம்மா' என்று திருத்தினேன்.

உங்கள் காலத்தில் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் படிக்க வேண்டுமானால் ஊரைவிட்டுப் போக வேண்டும். போனவர்கள் திரும்பவில்லை, நீங்கள் போகவில்லை. இப்போது கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருஷம் படிக்கலாம். குடும்ப மருத்துவம் என்று பெயர். குழந்தையின் வயிற்றுப்போக்கு முதல் கிழவர்களின் மறதிவரை எல்லாம் உண்டு. வாரம் ஒரு நாள் கம்ப்யூட்டரில் பாடம். அந்தப் பக்கம் பேராசிரியர், இந்தப் பக்கம் ஆர்த்தி, நடுவில் கரண்ட் கட்.

முதல் வருஷ எழுத்துத் தேர்வில் அவளுக்கு நல்ல மதிப்பெண். செய்முறைத் தேர்வில் தோற்றுவிட்டாள். ஒரு நோயாளியோடு பேசி நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். தேர்வாளர் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார். அன்று வந்த அம்மாள் நம் பக்கத்துக்காரி. "மேலுக்கு முடியல தாயி" என்றிருக்கிறாள். நமக்கு மேல் என்றால் உடம்பு. ஆர்த்திக்கு மேல் என்றால் மேலே. "மேலன்னா தலையா, கழுத்தா?" என்று கேட்டு, கழுத்துக்கு மேலே உள்ள அத்தனையும் அவள் சோதித்து முடித்தபோது நேரமும் முடிந்தது. அந்த அம்மாளுக்கு இருந்ததோ நீர்க்கடுப்பும் காய்ச்சலும்.

ஒரு வருஷமாக இங்கே இருப்பவளுக்கு இந்தச் சொல் தெரியாதா என்று கேட்பீர்கள். காரணம் நர்ஸ் பாண்டியம்மா. உங்களிடம் வேலை பார்த்த அதே பாண்டியம்மாதான். நோயாளி வாயைத் திறப்பதற்குள் இவள் "ஃபீவர், ரெண்டு நாள், டாக்டர்" என்று சொல்லி முடித்துவிடுவாள். வரிசை வேகமாக நகர்ந்தது. டாக்டருக்குக் காது வளரவில்லை.

மறுதேர்வு இரண்டு மாதத்தில். அதிலும் தோற்றால் படிப்பும் வேண்டாம், கிராமமும் வேண்டாம் என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார். சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இடம் பேசி வைத்திருந்தார். நீங்கள் போன பிறகு இங்கே டாக்டர் இல்லாமல் கிடந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. பிரசவ வலி கண்டவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மறுபடியும் அது வேண்டாம் என்றுதான், "நான் நோயாளியாக வருகிறேன், என்னிடம் பேசிப் பழகு" என்றேன்.

முதல் நாள் நான் சொன்னது இது: "நேற்று மாலை நான்கு பத்திலிருந்து வலது அடிவயிற்றில் குத்துகிற வலி. இரண்டு முறை வாந்தி. பசியில்லை. குடல்வாலாக இருக்கலாம்."

ஆர்த்தி பேனாவை மூடிவிட்டாள். "அம்மா, எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டா நான் எதுக்கு?"

பாண்டியம்மா சிரித்த சிரிப்பில் மருந்து கொடுக்கிறவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இப்பிடிப் பேசுற நோயாளி நம்ம பக்கமே கெடையாதும்மா. எங்கன வலிக்குதுன்னு கேட்டா, அங்கன இங்கனன்னு கையச் சுத்தணும். எப்பருந்துன்னு கேட்டா, மருமக பேச்ச எடுக்கணும். நெசமான நோவு கடைசிலதான் வரணும். எந்திரிச்சுப் போறப்ப, கதவுக்கிட்ட."

அண்ணே, அறுபது வருஷமாக இந்த ஊரின் தமிழைத் திருத்தி வந்தவள் நான். அந்த நான் பாண்டியம்மாவிடம் பாடம் கேட்டேன். "கிறுகிறுப்பு வருகிறது" என்றேன். "வருகிறது இல்லம்மா, வருது. நடுவுல இருக்கற 'கிற'வ முழுங்குங்க" என்றாள். முழுங்கினேன். என் கன்னியாஸ்திரிகள் என்னை மன்னிப்பார்களாக.

இரண்டாவது வாரத்தில் நான் மோசமில்லை என்று பாண்டியம்மாவே ஒப்புக்கொண்டாள். மூச்சிரைப்போடு போனேன். எப்போதிருந்து என்று ஆர்த்தி கேட்டாள். "வீரபாண்டித் திருவிழாவுக்கு முந்தியிருந்து" என்றேன். பழைய ஆர்த்தியாக இருந்தால் அது எந்த மாசம் என்று காலண்டரைப் புரட்டியிருப்பாள். அன்று, "திருவிழாவுக்கு நடந்து போனீங்களா, வண்டியிலயா? போன வருஷம்?" என்று கேட்டாள். போன வருஷம் நடந்தவள் இந்த வருஷம் வண்டி ஏறியிருந்தால், நெஞ்சு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "உங்ககிட்டதான்மா" என்றாள்.

வெளியே பெஞ்சில் என் புகழ் வேறு விதமாகப் பரவிக்கொண்டிருந்தது.

"பாவம்டி, டாக்டரய்யா தங்கச்சி. எம்புட்டுப் படிச்சவுக! செவ்வாக்கெழம இடுப்புன்னாக, இன்னைக்குக் காதுன்னாக."

"காது கேக்கலன்னா சொன்னாக? அப்பச் சத்தமாவே பேசு. சின்ன வயசுலயே கொஞ்சம் திமிருதான் அந்தம்மாவுக்கு."

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பதில் சொன்னால் நோய் கலைந்துவிடும். அதில் ஒருத்தியின் உச்சரிப்பு சகிக்கவில்லை, அதையும் விட்டுவிட்டேன்.

தேர்வுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை ஆர்த்தி, "இன்னிக்கு ரொம்பக் கஷ்டமான நோயாளியா வாங்கம்மா" என்றாள். எனக்குத் தெரிந்த மிகக் கஷ்டமான நோயாளி ஒரே ஒருவர்தான். அண்ணே, நான் நீங்களாகப் போனேன்.

உங்களைப் போலவே மேஜையில் விரலால் தட்டினேன். "ஒண்ணுமில்லம்மா, வெறும் வாயு. வடுகபட்டிப் பூண்டு நாலு பல்லைப் பால்ல வேகவச்சுக் குடிச்சா எறங்கிரும். ஒரு மாத்திரை குடு போதும், வெளிய ஆளுக காத்திருக்காக." ஆர்த்தி மாத்திரை எழுதினாள்.

நான் எழுந்து நின்று, "மறுநாள் காலையில் மாரடைப்பில் நான் செத்துப்போனேன்" என்றேன்.

பாண்டியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று உங்களுக்கு அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தவள் அவள்தானே. "அய்யாவே டாக்டரு. நான் என்னன்னு கேக்குறது?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் அவளைக் கேட்டதில்லை.

ஆர்த்தி மாத்திரைச் சீட்டைக் கிழித்துப் போட்டாள். "மறுபடி வாங்க" என்றாள். கதவுவரை போய்த் திரும்பி வந்தேன். அதே வாயு, அதே பூண்டு. இந்த முறை அவள் பேனாவை எடுக்கவே இல்லை. "வெளிய இருக்கறவங்க இருக்கட்டும் சார். என்னன்னு நெனச்சுப் பயப்படறீங்க?"

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் அதற்குத் தயாராகிப் போகவில்லை. விரல் தட்டுவது நின்றுவிட்டது. பிறகு, "நான் படுத்துட்டா இங்க யாரு பாக்குறது?" என்று என் வாயில் வந்தது. அது உங்கள் பதில்தானா, அண்ணே? அல்லது உங்களுக்காக நானே கட்டிக்கொண்டதா?

தேர்வில் அவளுக்கு வந்தவர் ஒரு தோட்டக் காவல்காரர். காலில் சின்னப் புண், வேறொன்றும் இல்லை என்று சாதித்தாராம். எல்லாம் கேட்டு முடித்து அவர் எழுந்து கதவுப் பக்கம் திரும்பும்வரை ஆர்த்தி காத்திருந்தாளாம். பிறகு, "அய்யா, மேலுக்கு வேற என்ன செய்யுது?" என்றாளாம். அவர் நின்று, மகள் கல்யாணம் முடியட்டும் என்று சர்க்கரை ஊசியை நிறுத்திவிட்டதைச் சொன்னாராம். தேர்வாளர் அவளைப் பார்த்து, "நீங்க தேனிப் பக்கமா?" என்று கேட்டிருக்கிறார்.

தேறிவிட்டாள். அவளுடைய அப்பா சென்னை இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டாம் வருஷமும் இங்கேதான். அதற்குப் பிறகும் இருப்பாளா என்று கேட்டேன். "கதவுக்கிட்ட போறப்பக் கேளுங்கம்மா" என்றாள். என் ஆயுதத்தை என் மேலேயே வீசுகிறாள்.

இப்போது புது வேலை ஒன்று வந்திருக்கிறது. அந்த 'வாயு' நோயாளியைப் பற்றி ஆர்த்தி தன் பேராசிரியர்களிடம் சொல்லிவிட்டாள். மற்றக் கிராமத்து டாக்டர்களும் இங்கே வந்து அவரிடம் பேசிப் பழக வேண்டும் என்கிறார்கள். ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். 'நோயாளியின் சம்மதம்' என்று அதில் ஒரு கட்டம். "நீங்க தங்கச்சிதானே, நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றாள் ஆர்த்தி. போதாது என்றேன். தன் நோயைத் தங்கையிடமே சொல்லாதவர் நீங்கள். உங்களைக் கேட்காமல் முன்பின் தெரியாத டாக்டர்களுக்கு அதை எப்படிச் சொல்வது?

ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். எத்தனை டாக்டர்கள் வந்தாலும், உங்களிடம் யாரும் கேட்காததை அவர்கள் கேட்கும்வரை அந்த அறையைவிட்டு எழுந்து வர மாட்டேன்.

படிவத்தை இம்மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். சம்மதமா, இல்லையா என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

உங்கள் உடன்பிறந்த தங்கை,
ராஜேஸ்வரி