சீமையிலிருந்து திரும்பிய பிண்ணாக்கு

திண்டிவனம்
4.6.1966

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை லூர்துமேரி எழுதுவது. நானும் மகள் ராக்கினியும் ஆண்டவர் கிருபையால் சுகம். அண்ணிக்கு இடுப்புவலி தேவலையா?

இந்த வருஷமும் மழை இல்லை. மண்டியில் மல்லாட்டைக் கடலை உடைக்கும் கூலிக்குப் போகிறேன். கூலி கேப்பைக் கூழுக்கே போதவில்லை. முன்பெல்லாம் பஞ்சத்தில் கடலைப் பிண்ணாக்கு வாங்கித் தின்போம். இப்போது மில்லில் கேட்டால், "அதெல்லாம் கப்பலுக்குப் போவுது, போம்மா" என்கிறார்கள். சீமை மாடு தின்னுமாமே? நீங்கள் ஏற்றுமதி ஆபீசில்தானே இருக்கிறீர்கள். ஒரு மூட்டை கிடைக்குமா?

அன்புத் தங்கை
லூர்துமேரி


சென்னை
17.6.1966

பாசமுள்ள தங்கைக்கு,

பிண்ணாக்கு போனால்தான் டாலர் வரும். டாலர் வந்தால்தான் மிஷின் வரும், நாடு முன்னுக்கு வரும். அதுவரை வயிற்றைக் கட்டத்தான் வேண்டும்.

சீமையில் வேண்டாமென்று திருப்பிய சரக்கு கிடக்கிறது. லேசாகப் பூஞ்சை வாடை, அவ்வளவுதான். இரண்டு மூட்டை லாரியில் அனுப்புகிறேன். யாரிடமும் சொல்லாதே.

அருளப்பன்


திண்டிவனம்
29.6.1966

அண்ணா,

மூட்டைகள் வந்தன. வறுத்து, வெல்லம் சேர்த்து இடித்துக் கொடுக்கிறேன். "மாமா அனுப்பின உருண்டை இன்னொன்னு குடும்மா" என்கிறாள் ராக்கினி. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

லூர்துமேரி


சென்னை
8.8.1966

தங்கைக்கு,

மிச்சமிருந்தால் புதைத்துவிடு. அதைத் தின்ற கன்றுகள் ஈரல் கெட்டுச் செத்ததாக மே மாதமே சீமையிலிருந்து கடிதம் வந்தது. மாட்டுக்குத்தானே, மனுஷருக்கு என்ன ஆகும் என்று இருந்துவிட்டேன். இங்கே மூட்டை குறைகிறதென்று விசாரிக்கிறார்கள்.

அருளப்பன்


விழுப்புரம் ஆஸ்பத்திரி
19.8.1966

அண்ணா,

ராக்கினிக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். வயிறு பானையாக வீங்கியிருக்கிறது. "என்னம்மா குடுத்த?" என்றார் டாக்டர். அண்ணன் அனுப்பிய பிண்ணாக்கு என்றேன். எழுதிக்கொண்டார். குழந்தை உங்களைக் கேட்கிறாள். உடனே வாருங்கள்.

லூர்துமேரி


சென்னை
27.8.1966

தங்கைக்கு,

குழந்தைக்காக ஜெபிக்கிறோம். லீவு கிடைக்கவில்லை. டாக்டர் எழுதியது எங்கள் ஆபீஸ்வரை வந்துவிட்டது. என் பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும், ஏற்றுமதியும் கெடும். சந்தையில் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கூடப்பிறந்தவனுக்காக இதைச் செய்யம்மா.

அருளப்பன்


திண்டிவனம்
6.9.1966

திரு. அருளப்பன் அவர்களுக்கு,

ராக்கினியைப் போன புதன்கிழமை அடக்கம் செய்தோம். "மாமா வந்துக்கினு இருக்காரா?" என்று கேட்டாள். வருகிறார் என்று பொய் சொன்னேன்.

மறுநாளே மண்டிக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. சரக்குக்காகக் கப்பல் காத்து நிற்கிறதாம். போனேன்.

நீங்கள் கேட்ட தாள் இத்துடன் இருக்கிறது. பிண்ணாக்கு சந்தையில் வாங்கியது, டாக்டரிடம் தவறாகச் சொல்லிவிட்டேன், எனக்கு அண்ணன் என்று யாரும் கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

லூர்துமேரி