முப்பது வருடம் கழித்து நம் வீட்டில் எத்தனை பேர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் எங்கள் நாலு முழங்கால்களும் ஓரளவு சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், இருக்கிறாயா என்று கேட்டால் இருமிக்கொண்டே இருக்கிறேன் என்பாய், அதனால் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உறையைப் பார்த்ததும் உன் புருவம் மேலே போயிருக்கும், அது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்கிறாய், நான் விஷயத்துக்கு வருவதற்குள் பரிசோதனைக்கூடத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். உங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் நான் வாய் திறக்கும் நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள். தாளில் எழுதினால் பாதியில் கீழே வைத்தாலும் மீதி அங்கேயே காத்திருக்கும், அதனால்தான் இது.

முதலில் ஊர்ச் செய்தி. நம் தெருக் குழாய்க்கு ஒருவழியாக விடிவு வரப்போகிறது. நீ ஊரை விட்டுப் போன வருடத்தில் இருந்ததைவிட இப்போது மோசம், தண்ணீர் காலை ஐந்தேகாலுக்கு வருகிறது, ஆறு மணிக்குள் நின்றுவிடுகிறது, முதல் குடம் துரு கலந்து சிவப்பாக வரும், அதைச் செடிக்கு ஊற்றினால் செடியே முகம் சுளிக்கிறது. பூமிக்குள் இருக்கும் இரும்புக் குழாய்கள் எல்லாம் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் புதைத்தவை. அவற்றைத் தோண்டியெடுத்துவிட்டுப் புதிதாகப் போடவும் மேல்நிலைத் தொட்டியைச் சரி செய்யவும் அரசாங்கத்தின் குடிநீர்க் கடன் நிதியிலிருந்து ஊராட்சிக்குக் கடன் தருகிறார்களாம். வட்டி மிகக் குறைவு, முப்பது வருடத்தில் திருப்பிக் கட்ட வேண்டும், குடிக்கிறவர்கள்தான் மாதாமாதம் தண்ணீர் வரியோடு சேர்த்துக் கட்டுவோம். ஆனால் கை நீட்டியதும் கொடுத்துவிட மாட்டார்கள், நம்மைப் போல எத்தனையோ ஊர்கள் வரிசையில் நிற்கின்றன. விண்ணப்பத்தில் ஆயிரம் கேள்வி, அதில் ஒன்று, முப்பது வருடம் கழித்து இந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிறவர்கள் எத்தனை பேர் என்பது. அதை வைத்துத்தான் குழாய் எவ்வளவு அகலம் என்று முடிவு செய்வார்களாம். வீடு வீடாகப் போய் யார் கேட்பது என்று ஊராட்சிக் கூட்டத்தில் பேச்சு வந்தது, அளவெடுக்கிற வேலை என்றதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிற்று. தையல் கடையிலிருந்து அவசரமாக ஓடியதில் இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்துவிட்டேன், தப்பு என்னுடையதுதான். முதலில் கை தூக்கி எனக்கு ஓட்டுப் போட்டது யார் என்று நினைக்கிறாய், உன் அப்பாதான். மனைவி மாலையில் வீட்டில் இல்லாவிட்டால் டிவியில் தனக்குப் பிடித்ததைப் பார்க்கலாம் என்ற தொலைநோக்கு.

நானூற்றுப் பன்னிரண்டு வீடு. கடையைச் சாத்திவிட்டுப் போவேன், ஒரு வீட்டுக்கு ஒரு தாள், தாளில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் இப்போது எத்தனை பேர், இரண்டாவது கட்டத்தில் முப்பது வருடம் கழித்து நிரந்தரமாக எத்தனை பேர், மூன்றாவதில் வந்து போகிறவர்கள். முதல் கட்டத்தை எல்லாரும் சட்டென்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவதற்கு வந்ததும் எல்லார் முகத்திலும் ஒரு களை வந்தது. ரொட்டிக்கடைக்காரரின் மூன்று பிள்ளைகளும் மூன்று திசையில் இருக்கிறார்கள், அவர் மூன்று பேரையும் குடும்பத்தோடு திரும்ப வரவைத்துப் பதினாலு என்றார். நம் எதிர்வீட்டு மாடியில் ஒண்டிக்கட்டையாக இருக்கிறாரே, தண்ணீர் ஏறவில்லை என்று தினமும் புகார் கொடுப்பவர், நீ மொட்டைமாடி என்று பேர் வைத்தாயே, அவர் ஒன்பது என்று போட்டார். என்ன சார் இந்த வயதில் என்று கேட்டால், ஆள் கூடுதலாகக் காட்டினால் தண்ணீர் வேகமாக ஏறும் என்று நினைத்தேன் என்கிறார். நானும் சும்மா இருந்தேனா என்றால் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும், எதுக்கும் ஒண்ணு ரெண்டு சேர்த்தே போடுங்க என்று நானே சொல்லிக்கொடுத்தேன். உனக்குத்தான் தெரியுமே, பிள்ளைகளுக்குத் தைத்தால் நாலு விரல் கூட விட்டு உள்ளே மடித்துத் தைப்பது என் வழக்கம், வளரும்போது பிரித்துவிட்டால் போதும். ஆறாம் வகுப்புப் பாவாடையை நீ ஒன்பதாம் வகுப்பு வரை போட்டாய், தோழிகள் கேலி செய்கிறார்கள் என்று அழுதாய், ஆனாலும் போட்டாய். அதே கையோடு ஊரையும் அளந்துவிட்டேன்.

எல்லாத் தாளையும் கூட்டிப் பார்த்தால் இப்போது இருக்கிறவர்கள் ஆயிரத்து அறுநூறு, முப்பது வருடம் கழித்து ஐயாயிரத்துச் சொச்சம். ஊராட்சியில் கைதட்டினார்கள். மறுவாரம் கடன் நிதி அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தாள், உன் வயதுதான் இருக்கும், தலையில் தொப்பி, கையில் சூட்கேஸ் மாதிரி ஒரு கம்ப்யூட்டர். தாள்களைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி, இந்தக் கணக்குப்படி குழாய் போட்டா அதுக்குள்ள ஒரு கன்னுக்குட்டி நடந்து போகலாம் என்றாள். போட்டால் என்ன, பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நான் மடிப்புத் துணிக் கதையை எடுத்துவிட்டேன். அவள் சிரித்தாள், ஆனால் விடவில்லை. துணியை மடிச்சு வைக்கலாம் ஆன்ட்டி, தண்ணியை மடிச்சு வைக்க முடியாதே என்றாள். பெரிய குழாயில் கொஞ்சம் பேர் குடித்தால் தண்ணீர் நகராதாம், நாள்கணக்கில் உள்ளேயே நிற்குமாம், போட்ட மருந்தும் தீர்ந்து வாடை வந்துவிடுமாம். அதோடு கடனும் பெரிதாகிவிடும், வராதவர்களுக்கும் சேர்த்து இருக்கிறவர்கள் கட்ட வேண்டும். இருக்கிற உண்மையை இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுங்கள், இல்லாவிட்டால் கடன் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது என்னிடம் சட்டைக்கு அளவும் கொடுத்துவிட்டுப் போனாள், அது வேறு விஷயம்.

ஆக, மறுபடியும் நானூற்றுப் பன்னிரண்டு வீடு. முதல் சுற்றில் பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்னவளே இரண்டாவது சுற்றில் கோடு போட்டு அடிக்கச் சொல்லிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் சொல். இதுவரை ஊரில் யாருக்கும் நான் கெட்டவளாக இருந்ததில்லை, ரவிக்கை இறுக்கமாகிப்போனவர்களைத் தவிர. ரொட்டிக்கடைக்காரர் மூத்தவனை உடனே அடித்துவிட்டார், அவன் அங்கேயே வீடு வாங்கிட்டான் என்றார். இரண்டாவது பிள்ளையிடம் போன் போட்டே கேட்டார், அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றானாம், யோசிக்கணும்னாலே வரமாட்டான் என்று அதையும் அடித்தார். கடைசிப் பிள்ளைக்கு வந்தபோது அவர் மனைவி பேனாவைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய்விட்டார், நான் அரைமணி நேரம் வாசலில் நின்றேன், ஒரு பன் கொடுத்தார்கள், தின்றேன். கடைசியில் அந்த அம்மாவே வந்து, இவன் வருவான், மத்தவங்களை நீங்க அடிச்சுக்குங்க என்று கையெழுத்துப் போட்டார். மொட்டைமாடி ஒன்பதை ஒன்றாக்கினார், அந்த ஒன்றும் நிச்சயமில்லை என்றார். தாள் மாற்றாமல் அப்படியே இருந்த வீடு ஒன்றுதான், உன் கணக்கு டீச்சர் வீடு. அவர் முதல் சுற்றிலேயே சைபர் போட்டிருந்தார். முப்பது வருஷம் கழிச்சு நான் இருக்கமாட்டேன், பிள்ளையும் இல்லை, இதுல யோசிக்க என்ன இருக்கு என்றார். அப்படியானால் கடன் மட்டும் எதற்கு டீச்சர் நீங்கள் கட்ட வேண்டும் என்று கேட்டேன். இப்ப நான் குடிக்கிற தண்ணிக்குக் குழாய் போட்டவங்க யாரையாவது நமக்குத் தெரியுமா என்றார். நான் அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். உன்னைக் கேட்டார், இப்போதாவது பெருக்கல் வருகிறதா என்று.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவு சுற்றினேன். நம் வீட்டுத் தாளை நான் நிரப்பவில்லை, நான் ஊர்வலம் போயிருந்த நேரத்தில் உன் அப்பா நிரப்பி வைத்துவிட்டார். இரண்டாவது கட்டத்தில் நாலு. யார் அந்த நாலு என்று கேட்டேன். ஸ்கூல் பஸ் ஓட்டுகிற மனிதர், யார் எந்த ஸ்டாப்பில் ஏறுவார்கள் என்று தெரியாமல் வண்டியை எடுக்கமாட்டார், விரல் விட்டுச் சொன்னார், நீ ஒன்று, மாப்பிள்ளை ஒன்று, பிள்ளைகள் இரண்டு. மாப்பிள்ளை யார் என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது, அதற்குள் அவர் குளிக்கத் தண்ணீர் ஒதுக்கியாகிவிட்டது. நம்ம ரெண்டு பேரையும் காணோமே என்றேன். அப்ப நமக்கு என்ன வயசு, நாம இருப்போமான்னு தெரியாது, பொய்க் கணக்கு எழுதக்கூடாது என்றார். பிறக்காத பேரப்பிள்ளைகளை எழுதலாமாம், இருக்கிற எங்களை எழுதினால் பொய்யாம். மற்ற வீடுகளில் எல்லாம் அடிக்கச் சொல்லிவிட்டு நம் வீட்டில் மட்டும் நாலை வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு தாளைக் கொடுப்பேன். அழிக்கலாம் என்று ரப்பரை எடுத்தேன், அப்பா அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்று நாளாக ரப்பர் பஸ்ஸில் ஊர் சுற்றுகிறது.

போன மாதம் நீ போனில், இங்கே நிரந்தர வேலை தருவதாகச் சொல்கிறார்கள் என்று ஏதோ ஆரம்பித்தாய், நான் ம் என்றதும் உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். உன் ஊரில் மழை பெய்தால் எனக்கென்ன, பெய்யாவிட்டால் எனக்கென்ன. அம்மா வருத்தப்படுவாள் என்று பயந்தாய், எனக்குத் தெரியும். வருத்தம் இருக்காது என்று நான் சொல்லப்போவதில்லை, இருக்கும். துணி வெட்டும் மேஜைக்குப் பின்னால் ஒரு நாள் உட்கார்ந்து அழுவேன், மறுநாள் யாராவது ரவிக்கை அவசரம் என்று வருவார்கள், எழுந்துவிடுவேன். ஆனால் நீ உண்மையைச் சொல்லாமல் எப்போது திரும்பி வருவாய் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் என்னால் முடியவில்லை. அந்த வேலை உனக்குப் பிடித்திருந்தால் எடுத்துக்கொள். பிடிக்காவிட்டால் விடு, ஆனால் எங்களைச் சாக்காக வைத்து விட்டுவிடாதே, எங்களுக்காக என்று வந்து உம்மென்று உட்கார்ந்திருந்தால் இரண்டே நாளில் நானே டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுவேன். அந்த இன்ஜினியர் பெண்ணிடம் மூன்றாவது கட்டத்தைப் பற்றி மட்டும் தனியாகக் கேட்டேன். வந்து போகிறவர்களுக்காகக் குழாயைப் பெரிதாக்க வேண்டியதில்லையாம், எந்தக் குழாய் போட்டாலும் அவர்களுக்குத் தண்ணீர் இருக்குமாம். அதனால் நீ என்ன முடிவெடுத்தாலும், வருகிற நாட்களில் மாடிக் குளியலறையில் உனக்குத் தண்ணீர் வரும், இனிமேல் சிவப்பாக வராது.

இதுவரை எழுதி மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அப்பா வண்டியை விட்டுவிட்டு வந்து, அனுமதி கேட்காமல் எல்லாவற்றையும் படித்துவிட்டார், தன்னைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் மட்டும் தொண்டையைக் கனைத்தார். அப்புறம் பையிலிருந்து ரப்பரை எடுத்தார். நாலை அவரே அழித்தார், தூளை ஊதினார். பிறகு பென்சிலால் இரண்டு என்று எழுதினார். யாரு ரெண்டு என்று கேட்டேன். நீயும் நானும், வேற யாரு என்றார். உங்களுக்கு அப்போ தொண்ணூறு வயசு ஆகும் என்றேன். ஆகட்டும், கடன் முடியற வரைக்கும் இருந்துதானே ஆகணும் என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போனார், பஸ் கண்ணாடியை இல்லை, அவருடையதை.

ஆகவே அந்தக் கட்டம் இப்போது யாருக்காகவும் காலியாக இல்லை, நீ பாரமில்லாமல் முடிவெடுக்கலாம். இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது, ஒன்று கூட்ட வேண்டுமென்றால் இருபத்தைந்தாம் தேதிக்குள் போன் செய், நான் மழையைப் பற்றிக் கேட்கமாட்டேன். கூட்ட வேண்டாமென்றாலும் போன் செய், அதையும் உன் வாயால் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன். இருமலுக்கு வெந்நீர் குடி, சுடச்சுட இல்லை, குடிக்கிற சூட்டில். எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நிறைந்து இரு. இங்கே இரண்டு பேர் தொண்ணூறு வயது வரை இருந்து அதைப் பார்ப்பதாக அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுக்கப்போகிறோம்.

எப்போதும் நாலு விரல் கூட விட்டே வெட்டும்
உன் அம்மா