சாவு விழுந்த அன்று கடலுக்குப் போன படகுகள்

அனுப்புநர்
கோ. இளவரசு,
மீன்பிடித் தொழில்,
புதுமேட்டுக்குப்பம்,
சிதம்பரம் வழி, கடலூர் மாவட்டம்.

பெறுநர்
சார் ஆட்சியர் அவர்கள்,
சிதம்பரம்.

பொருள்: பழனிவேல் குடும்பத்தை ஊர்விலக்கம் செய்தது, அதில் என் பங்கையும் சேர்த்து விசாரிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊரில் சிலர் தடை செய்யப்பட்ட சுருக்குமடி வலை போடுவதாக பழனிவேல் மீன்வளத் துறையில் புகார் கொடுத்தார். அவர் சொன்னது உண்மை. அதற்காக ஆனி மாதம் ஊர்க்கூட்டம் போட்டு, "அவுங்க வூட்டோட யாரும் பேச்சு வெச்சிக்கக் கூடாது. ஊரோட இருக்கறவன் கையத் தூக்கு" என்றார் எங்கள் ஊர்த் தலைவரான நாட்டார். நானும் தூக்கினேன். யாராவது ஒருவர் தூக்காமல் இருந்தால் நானும் இறக்கிவிடலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். மற்றவர்களும் என்னை அப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றிலிருந்து அவர் மனைவி செல்லாயிக்கு ஊர்க்கடையில் உப்புகூடக் கொடுப்பதில்லை.

2. எங்கள் ஊரில் சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை எந்தப் படகும் கடலில் இறங்காது. என் தகப்பனார் இறந்தபோது, பாதி தூரம் போன படகைத் திருப்பிக்கொண்டு வந்தவர் பழனிவேல். இம்மாதம் 8-ஆம் தேதி அவருடைய தாயார் தங்கம்மாள் காலமானார். அன்று எல்லாப் படகுகளும் இறங்கின. என் படகும் இறங்கியது. பாடை தூக்க ஆளில்லாமல், சிதம்பரத்திலிருந்து வரவழைத்த குட்டியானை சரக்கு வண்டியில் அந்த அம்மாளைக் கொண்டுபோனதைக் கடலிலிருந்து பார்த்தேன். அன்று எனக்கு நல்ல மீன்பாடு. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

3. பழனிவேல் கொடுத்த மனுவின்பேரில் நேற்று தங்கள் அலுவலகத்தில் நடந்த விசாரணையில், "அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை" என்று ஊரார் சொன்னபோது நானும் தலையாட்டினேன். எதிரே நின்ற பழனிவேல் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம். நான் தலையாட்டியது பொய்க்கு.

4. வரும் சனிக்கிழமை தங்கம்மாளுக்குக் காரியம். அதற்குள் இந்த ஊர்விலக்கத்தை நீக்கி உத்தரவிடவும், போக விரும்புகிறவர்களை யாரும் தடுக்காதிருக்கக் காவலர்களை அனுப்பவும் வேண்டுகிறேன். காவல் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன். பழனிவேல் என்னை உள்ளே விடுவாரா என்று தெரியாது.

5. விசாரணையில் குற்றம் செய்தவர்கள் யார் என்று குறிக்கும் இடத்தில் "ஊர்ப் பொதுமக்கள்" என்று மட்டும் எழுதிவிட வேண்டாம் ஐயா. அந்தப் பெயருக்குள் நாங்கள் எல்லோரும் ஒளிந்துகொள்வோம். என் பெயரை முதலில் எழுதுங்கள்.

இடம்: புதுமேட்டுக்குப்பம்
நாள்: 19.08.2025

இப்படிக்கு,
கையைத் தூக்கியவர்களில் ஒருவன்,
கோ. இளவரசு
(ஒப்பம்)