நடைபாதையில் நின்ற என் ஸ்கூட்டர்

புதன், இரவு பத்தரை

நினைத்தால் சிரிப்பும் வருகிறது, மானமும் போகிறது.

சாயங்காலம் புத்தூரில் எங்கள் வார்டு கூட்டம். "கறிவேப்பிலை வாங்கக்கூட வண்டியா? நடைபாதையைச் சரி பண்ணுங்க, எல்லாரும் நடப்போம்" என்று மைக்கைப் பிடித்துப் பொரிந்து தள்ளினேன். நல்ல கைதட்டல்.

வெளியே வந்ததும் எதிர்வீட்டு ஸ்டெல்லா கையைப் பிடித்துக்கொண்டாள். "நடந்துதானேக்கா வந்திருப்பீங்க? வாங்க, சேர்ந்தே போயிடலாம்." ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். என் ஸ்கூட்டரைத் தாண்டித்தான் போனோம். அது நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றது.

"யாருக்கா இப்படி நிறுத்துனது?"

"அறிவுகெட்ட ஜென்மம்" என்றேன்.

ஆனால் ஒன்று. கூட்டத்துக்கு வண்டியில் போகும்போது ஒன்வே சுற்றி, சிக்னலில் நின்று இருபது நிமிஷம் ஆனது. நடந்து வந்ததில் பதினைந்துதான். வழியெல்லாம் சிரிப்பு. ஆளுக்கு ஒரு முழம் மல்லி வேறு வாங்கினோம்.

"வண்டி எங்க?" என்று இவர் கேட்டார். நான் தோசை ஊற்றினேன். அவருக்கு எப்படிச் சொல்வது? ஸ்டெல்லா அவள் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டே சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"காலையில உங்க வண்டியை எடுக்கப் போறப்போ கூப்பிடுங்கக்கா. நானும் நடந்து வரேன்."

ஆறு மணிக்கு அலாரம் வைத்தாயிற்று.