ஒரு கையால் முடுக்கும் சக்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுவது. இங்கே நான், உன் மாப்பிள்ளை, உன் பேத்தி சுண்டெலி மூன்று பேரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று எழுதியிருக்கிறாய். அதை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சுண்டெலிக்கு நாலு பல் வந்துவிட்டது. ஐந்தாவதும் வருகிறது போல. மூன்று நாளாகக் கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். உடம்பு லேசாகச் சுடுகிறது. பல் முளைக்கிறதால்தான் என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் அரை மணிக்கு ஒரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. படித்த பெண் இப்படிப் பயப்படலாமா என்கிறார் உன் மாப்பிள்ளை. படித்ததால்தான் பயமே, என்னென்ன வரலாம் என்று வரிசையாகத் தெரிந்து தொலைக்கிறதே என்றேன். இப்போதுதான் தூங்கினாள். இந்தக் கடிதம் பாதியில் நின்று வேறு மையில் தொடர்ந்தால் அவள் எழுந்துவிட்டாள் என்று புரிந்துகொள்.

நீ சொன்ன வேலைக்கு வருகிறேன். லேத்தைக் கொடுத்துவிடு, நாற்காலிக்காரர் நாலைந்து மாதமாகக் கேட்கிறார், மரத்தைக் கவ்வுகிற பழைய சக்கின் தாடை தேய்ந்துவிட்டது, சக் இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டார், மலிவாக ஏதாவது ஒன்று வாங்கி மாட்டிக் கொடு என்று எழுதியிருந்தாய். மொத்தம் எட்டு வரி. எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் மரம் கடைந்தவள் தன் இயந்திரத்துக்கு எட்டு வரி எழுதுகிறாள். அண்ணா வீட்டுக்குப் போன புதிதில் ஒரு ஓட்டைக் குடையைத் தூக்கிப் போடுவதா வேண்டாமா என்று எனக்கு இரண்டு பக்கம் எழுதியவள் நீ.

சரி, அம்மா சொல்லிவிட்டாள் என்று போய் உன் வீட்டுப் பின்னறையைத் திறந்தேன். ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடந்தும் வாசனை போகவில்லை. மரத்தூளும் மெழுகும் சூடான பெல்ட்டும் கலந்த அந்த வாசனை. கதவுக்குப் பின்னால் ஆணியில் அப்பாவின் நீலச் சட்டை தொங்கியது. புடவைத் தலைப்பு சுற்றிக்கொள்ளாமல் இருக்க அதைத்தானே மேலே போட்டுக்கொள்வாய். நான் சின்னவளாக இருந்தபோது அப்பா ஆபீசுக்குப் போகும் ஆள் என்பதே எனக்கு மறந்துவிடும். அவர் சட்டைக்குள் எப்போதும் நீதான் இருப்பாய்.

ஜன்னலுக்குக் கீழே அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவேன். நோட்டுக்குள்ளிருந்து சுருள் சுருளாக மரச்சீவல் விழுவதைப் பார்த்து டீச்சர் உங்க வீட்டில் கோழி வளர்க்கிறீர்களா என்று கேட்டார். அண்ணா நீளமான சீவலாகப் பொறுக்கி மீசை வைத்துக்கொண்டு திரிவான். நீ மரத்தைத் திட்டிக்கொண்டே கடைவாய். எங்கடி ஓடற, நேராத் திரும்பு, வாங்கிக் கட்டிக்காதே என்பாய். எங்களையும் அதே குரலில்தான் திட்டுவாய். அதனால் திட்டு யாருக்கு என்று தெரியாமல் நானும் அண்ணாவும் எதற்கும் நேராக உட்கார்ந்துகொள்வோம்.

புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று, ஐயா இல்லீங்களா, மாடிப்படிக்குக் கைப்பிடித் தூண் கடையணும் என்று கேட்பார்கள். ஐயா சாயங்காலம் வருவார், வந்தா சாப்பிடுவார், கடைய வராது, அளவை எங்கிட்டச் சொல்லுங்க என்பாய். அப்பாவும் இதைக் கேட்டுக்கொண்டு உள்ளேயிருந்து சிரிப்பார். இரண்டே வருஷத்தில் தெரு முழுக்க நீ லேத்தக்கா ஆகிவிட்டாய். என் கல்யாணப் பேச்சில்கூட மாப்பிள்ளை வீட்டார் லேத்தக்கா பெண்ணா என்றுதான் கேட்டார்களாம். நான் வாங்கிய பட்டத்தை ஒருத்தரும் கேட்கவில்லை.

நினைவுகளோடேயே உட்கார்ந்திருந்தால் வேலை ஆகாது என்று கடைக்குக் கிளம்பினேன். கிளம்பும்போது ஒரு முட்டாள்தனம் செய்தேன், சொல்லிவிடுகிறேன். லேத்துக்கு மேலே சுவரில் நீ சாக்பீஸால் மரை அளவு எழுதி வைத்திருக்கிறாயே, அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போய், கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்தேன். மாட்டிப் பார்த்தால் லேத்தின் முனையில் ஏறவே இல்லை, பெரிய ஆளுக்குச் சின்னத் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அப்புறம்தான் உறைத்தது. அது உன் முதல் லேத்தின் அளவு இல்லையா? அதைக் கொடுத்தே பதினாறு வருஷம் ஆகிறது. சுவருக்கு இரண்டு தரம் வெள்ளையடித்தும் அந்த இடத்தை மட்டும் தொடவிடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறாய்.

மறுநாள் பழைய சக்கையே துண்டில் சுற்றி, சுண்டெலியின் பையில் அவள் துணிகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனேன். உன் மாப்பிள்ளைக்கு வேலை நாள். அதனால் அவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நடந்ததைச் சொன்னேன். சுவரைப் பார்த்து அளவு எடுத்த ஆள் நீங்கதானா என்று கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் நல்ல மனுஷர், மாற்றிக் கொடுக்க முகம் சுளிக்கவில்லை. பழைய சக்கின் மரையோடு ஒத்துப் பார்த்து மூன்று சக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

முதலாவது, நீ இத்தனை வருஷம் வைத்திருந்த ஜாதி. இரண்டு கம்பி. ஒன்றைச் சக்கின் உடம்பில் செருகி இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு, இன்னொன்றை வளையத்தில் செருகி அந்தப் பக்கம் தள்ளினால் தாடை இறுகும். இதுதான் மலிவு, எடையும் குறைவு, எல்லாரும் இதைத்தான் எடுக்கிறாங்க, முடுக்கிப் பாருங்க என்றார். இரண்டு கம்பியையும் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு ஏது இரண்டு கை? ஒரு கையில் பிள்ளை. பாப்பாவைக் கொஞ்சம் கீழே விடுங்களேன் என்றார். தரையெல்லாம் ஆணியும் இரும்புத் தூளும். இவளோ எதையும் வாயில் போடுகிற கட்சி. கம்பியை வயிற்றில் முட்டுக் கொடுத்துப் பார்த்தேன், முழங்கையால் அழுத்திப் பார்த்தேன், அது நழுவி மேஜையில் விழுந்து கடையே திரும்பிப் பார்த்ததுதான் மிச்சம்.

இரண்டாவது, சாவி போட்டு முடுக்குவது. பக்கத்துத் துளையில் சாவியை வைத்து ஒரு கையால் திருகினால் நாலு தாடையும் ஒன்றாக நகர்ந்து வந்து கவ்வுகிறது. வலது கையால் திருகிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி போயிற்று. பிறகு சுண்டெலியை வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இடது கையால் திருகிப் பார்த்தேன். கொஞ்சம் மெதுவாக. ஆனால் இறுகியது. கழற்றினேன். மறுபடியும் முடுக்கினேன். அப்படி ஏழெட்டுத் தரம் செய்திருப்பேன். மூன்றாவது சக்கைத் தொடவே இல்லை.

கடைக்காரர், நீங்க இடக்கைப் பழக்கமா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்ப யாருக்கு வாங்குறீங்க என்றார். நாற்காலிக்காரருக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எங்க அம்மாவுக்கு என்று வந்துவிட்டது.

எனக்குத் தெரியும் அம்மா.

மூன்று மாதமாக உன் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. பேனா சரியில்லை என்று எழுதுகிறாய். நாலு கடிதத்துக்கும் அதே கெட்ட பேனாவா? அண்ணாவிடம் போனில் இரண்டு தரம் கேட்டேன், மழுப்பினான். மூன்றாவது தரம் கேட்டபோது அழுதுவிட்டான். அந்தத் திங்கட்கிழமை காலையில் உன் கையிலிருந்து டம்ளர் விழுந்தது, வாய் கோணியது, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது, வலது கை இன்னும் சரியாக மூடவில்லை, எல்லாம் சொன்னான். தங்கைக்குப் பால்குடிக்கிற பிள்ளை, அவளிடம் சொன்னால் உன்னை என்ன செய்கிறேன் பார் என்று மிரட்டினாயாம். அவனைத் திட்டாதே. அவனால் முடிந்தவரை பொய் சொன்னான். நீ இடது கையாலேயே எழுது. எனக்குப் படிக்க வருகிறது.

பந்தை அமுக்கிப் பழகச் சொல்லி டாக்டர் கொடுத்தாராம். பந்து விளையாடுற வயசா எனக்கு என்று நீ அதைப் பீரோவுக்கு அடியில் உருட்டிவிட்டாயாம். அண்ணி ஒவ்வொரு நாளும் குனிந்து எடுத்துக் கொடுக்கிறாளாம். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பிடிக்காத வேலையை நீ முகத்துக்கு நேராகவே வேண்டாம் என்று சொல்கிற ஆள். ஒளித்து வைக்கிற ஆள் இல்லையே.

அந்தச் சாவிச் சக்கைத்தான் வாங்கி வந்தேன். ஒரு வாரமாகப் பிள்ளை தூங்கும் மதியத்தில் பக்கத்து வீட்டு அக்காவை அவளுக்குத் துணை வைத்துவிட்டு உன் பின்னறைக்குப் போகிறேன். வலது கையைப் புடவை இடுப்பில் செருகிக்கொண்டு இடது கையால் மட்டும் என்னென்ன முடியும் என்று பார்க்கிறேன். முதல் நாள் ஒன்றும் முடியவில்லை. மரத்தைப் பிடித்தால் சாவியைத் திருகக் கை இல்லை. இரண்டாம் நாள் வழி கிடைத்தது. லேத்தின் எதிர்ப்பக்கத்து முனையை முன்னால் தள்ளி வந்து மரத்தைச் சக்கோடு அழுத்தி நிறுத்திவிட்டால் அது தானாக நிற்கிறது. பிறகு நிதானமாக முடுக்கலாம். இது உனக்குத் தெரியாததா? நீ எத்தனை தரம் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போது அவசரத்துக்குச் செய்வாய், இப்போது எப்போதும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். சாவியில் ஸ்பிரிங் இருக்கிறது. கையை எடுத்தால் வெளியே துள்ளிவிடும், மறந்து உள்ளேயே விட்டு ஓட்ட முடியாது. இதை இரண்டு தரம் சோதித்த பிறகுதான் கடையை விட்டு நகர்ந்தேன்.

உளிக்கு நீளமான பிடியாகப் போட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டால் பாரம் உடம்பு தாங்குகிறது. வலது கை சும்மா மேலே படிந்திருந்தால் போதும். மூடக்கூட வேண்டாம். இப்படி ஒரு உருளை கடைந்தேன். எலி கடித்த பென்சில் மாதிரி வந்திருக்கிறது. நீ பார்த்தால் இதையா என் லேத்தில் செய்தாய் என்பாய். பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை நாற்காலிக்காரர் வந்தார். லேத் கொடுப்பதாக இல்லை என்று நான் சொன்னதும், அக்காவே சொல்லி அனுப்பினாங்களே என்று முகம் வாடிவிட்டது. உட்கார வைத்து, எதற்காக இத்தனை அவசரம் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு லேத் என்னத்துக்கும்மா, எனக்குக் கடையவா தெரியும், அக்கா ஊருக்குப் போனதிலிருந்து நாலு கால் ஒரே மாதிரி கடையறதுக்கு ஆள் இல்லை, மூணு பேர்கிட்டக் கொடுத்துப் பார்த்தேன், வாங்கினவங்க நாற்காலி ஆடுதுன்னு திருப்பிக் கொண்டு வராங்க, அதான் லேத்தையாவது வாங்கிப் போட்டு ஒரு ஆளைப் பிடிக்கலாம்னு, அக்கா வந்துட்டா இந்த இரும்பைத் தூக்கிட்டுப் போய் நான் என்ன பண்ணப் போறேன் என்றார்.

உன் கை விஷயத்தை அவரிடம் சொன்னேன். மறைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, முன்னே வாரத்துக்கு நாற்பது கால் கொடுத்தாங்க, இனிமே வாரத்துக்கு நாலு கொடுக்கட்டும், ஒரு நாற்காலி ஆச்சே என்றார். மாதக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் பதில் தெரியாவிட்டால் வேறு லேத் பார்த்துக்கொள்வாராம்.

அம்மா, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. உன்னை வற்புறுத்தி வரவழைத்து, அந்த இயந்திரத்துக்கு முன்னால் நிறுத்தி, கை ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று பாதி ராத்திரி யோசிக்கிறேன். டாக்டரிடம் அண்ணா கேட்டுவிட்டான். ஆறு மாதத்தில் நல்ல முன்னேற்றம் வரலாம், தெரிந்த வேலையைச் செய்தால் கை சீக்கிரம் பழகும், பக்கத்தில் ஆள் மட்டும் இருக்க வேண்டும் என்றாராம். பக்கத்தில் நான் இருப்பேன். கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டாயிற்று, சுண்டெலி உள்ளே வர முடியாது.

ஒருவேளை வந்து நின்று பார்த்துவிட்டு, இல்லைடி, முடியலை என்று நீ சொன்னால் அன்றைக்கே அவரிடம் கொடுத்துவிடுகிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் அதை நீ அந்த அறையில் நின்று சொல்ல வேண்டும். கடிதத்தில் சொன்னால் செல்லாது.

அண்ணாவை இருபத்தாறாம் தேதிக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவனே கூட்டி வருகிறான். ஸ்டேஷனில் நான் நிற்பேன். யாரும் பார்த்துவிடுவார்களோ என்று கையைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு இறங்காதே அம்மா. எந்தக் கையை நீட்டினாலும் பிடித்துக்கொள்கிறேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
உன் மகள்