‘மண்டேன்’ – ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்

மார்ச் 3

இன்று நான் சொல்லாதது: “போகாதீங்க.”

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். “உன்மேல தப்பே இல்ல. நம்ம வாழ்க்கை ரொம்ப மண்டேனா இருக்கு. கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கறேன்.” லீவு கேட்பவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். நான், “தண்ணி வேணுமா?” என்றேன். கட்டின புருஷன் போகிறேன் என்கிறார், என் வாயில் வந்தது அதுதான்.

மார்ச் 4

ஆபீஸில் நாங்கள் தொகுக்கும் ஆங்கிலம்–தமிழ் அகராதியில் எனக்கு ‘எம்’ எழுத்து. அவர் சொன்ன அந்த ‘மண்டேன்’ (mundane) முறை வர இன்னும் நாளாகும். இன்றே எடுத்துக்கொண்டேன். அன்றாடமான, வழக்கமான, சுவையற்ற. மூன்றாவதை அடித்தேன்.

எதை எழுதினாலும் எதிர்மேசை அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால்தான் அச்சுக்குப் போகும்.

“ஏண்டி மூணாவத அடிச்ச? அதுதானே உயிர்நாடி?”

“பாத்திரம் கழுவறதுல என்ன சுவை வேணும்க்கா? அதுக்காக அது மட்டமா?”

“நல்லா கேட்ட போ. உன்கூட அந்த மனுஷன் எப்படித்தான் குப்பை கொட்டறாரோ!”

சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 5

அம்மாவிடம் போனில் சொன்னேன். “ஆம்பளைங்களுக்கு அப்பப்ப வரும்டி, ஜலதோஷம் மாதிரி” என்றாள்.

மார்ச் 10

எடுத்துக்காட்டு வாக்கியம் அமையவே இல்லை. கடைசியில் எழுதியது: ‘ஒருவர் போட்ட ஈரத்துண்டை மற்றவர் உலர்த்துவது போன்ற அன்றாடக் காரியங்களிலேயே அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள்.’

வாசிக்கும்போது ‘இருந்தார்கள்’ வரவில்லை. ‘மகிழ்ச்சியாக’ என்பதோடு தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “எப்பலேர்ந்துடி?”

ஆபீஸில் யாரிடமும் சொல்வதில்லை என்றிருந்தேன். ஒரு ஈரத்துண்டு காட்டிக்கொடுத்துவிட்டது.

மார்ச் 12

கேட்டேவிட்டேன். “எப்படி இருந்தா உங்களுக்குப் பிடிக்கும்? சொல்லுங்க, மாத்திக்கறேன்.” வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

“தெரியலம்மா” என்றார். உண்மையாகவே தெரியவில்லை, பாவம். வேறொருத்தி இல்லை. இருந்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன் – அலுப்போடு எப்படிச் சண்டை போடுவது? அதற்கு முகம் இருக்கிறதா, முடி இருக்கிறதா, பிடித்து இழுக்க?

மார்ச் 16

காலையில் போனார். நகவெட்டி எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 2

அவர் திரும்பி வரவில்லை. நேற்று போன் செய்தார். வீட்டு வாடகை ஒப்பந்தத்தை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். இன்று மாற்றிவிட்டேன்.